ஆங்கிலப் பாட புத்தகத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

(கோவை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட பெற்றோர் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேசுகிற மேடையில், இன்று பிள்ளைகளின் ஆங்கிலப் பாட புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். களையெடுப்பு முடிந்து, கை கால் கழுவியதும் நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். "இங்கிலீஷ் புத்தகம் நல்லதா, கெட்டதா என்று சொல்ல நமக்கு என்ன தெரியும்? அது படித்தவர்கள் பார்த்துக் கொள்ள வேண்டிய விஷயம்" என்று உங்களில் பலர் நினைக்கலாம். அந்த நினைப்பு சரியல்ல என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை நிறுத்துப் பார்க்க உங்களால் முடியும். அதற்கு வேண்டிய தராசு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷப் படிப்பும் ஒரு காகிதமும்

என்னிடம் படித்த ஒரு பையன். தகப்பன் ஆலைத் தொழிலாளி, தாய் தோட்டத்தில் கூலி வேலை. பையன் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 62 மார்க் வாங்கித் தேறினான். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவன் ஒரு நூற்பாலையில் காண்டிராக்ட் முறையில் வேலைக்குச் சேர்ந்தான். நாலு வருஷம் கழித்து ஒருநாள் மாலை தாயும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கையில் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு காகிதத்தின் நகல் இருந்தது.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார். சம்பளப் பாக்கிக்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க. மறுநாள் கேட்டிலேயே நிறுத்திட்டாங்க" என்றான்.

நான் படித்தேன். தனக்குச் சேர வேண்டிய தொகை அனைத்தையும் பெற்றுக் கொண்டதாகவும், தன் விருப்பப்படியே வேலையை விட்டு விலகுவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் தனக்கு இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே அவன் கையெழுத்து. அழகான ஆங்கிலக் கையெழுத்து!

தாய் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க சார், பத்து வருஷம் இங்கிலீஷ் படிச்சானுங்களே. இதைப் படிக்க அவனுக்குத் தெரியாதுங்களா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காகிதத்தில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். அவன் என் வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதிய கட்டுரைகள் அதைவிட நீளமானவை. கவிதையின் நயம் பாராட்டி எழுதினான்; செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றினான்; பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினான். ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்து, இது என்ன சொல்கிறது என்று தானாகப் படித்துத் தெரிந்துகொள்ள அவனுக்குத் தெரியவில்லை. நானும் அதைக் கற்றுக் கொடுக்கவில்லை. நான் புத்தகத்தை நடத்தி முடித்தேன்; அவ்வளவுதான்.

அந்தத் தாயின் கேள்விதான் நான் சொன்ன தராசு. பத்து வருஷம் படித்த பிறகு பிள்ளையின் கையில் என்ன நிற்கிறது? பாட புத்தகத்தை இந்தக் கேள்வியால்தான் நிறுக்க வேண்டும்.

நல்ல நூல் எது?

ஆலைத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். 20-ஆம் நம்பர் நூல் நல்லதா, 100-ஆம் நம்பர் நூல் நல்லதா? "எந்தத் துணிக்கு?" என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். துண்டுக்கு 20 வேண்டும். மெல்லிய வேட்டிக்கு 100 வேண்டும். துணி இன்னதென்று தெரியாமல் நூலின் நம்பரைப் பாராட்டுவதில் அர்த்தமில்லை. விவசாயத் தோழர்களிடமும் கேட்கிறேன். குறுவைப் பட்டத்தில் நீண்ட காலச் சம்பா விதையை விதைப்பீர்களா? விதையில் குற்றமில்லை, பட்டம் தப்பானது.

பாட புத்தகமும் அப்படித்தான். தாள் வழவழப்பாக இருக்கிறதா, படங்கள் வண்ணத்தில் இருக்கின்றனவா, உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பாடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து "நல்ல புத்தகம்" என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு? எதற்கு? எந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு? இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் ஆங்கிலக் கல்வி தொடங்கியபோது இந்தக் கேள்வியை யாரும் உழைப்பாளியிடம் கேட்கவில்லை. 1835-ஆம் வருஷம் மெக்காலே எழுதிய குறிப்பு பிரசித்தமானது. ஆள்வோருக்கும் கோடிக்கணக்கான ஜனங்களுக்கும் இடையே நின்று எடுத்துச் சொல்ல ஒரு சிறு கூட்டத்தை உருவாக்குவதே அதன் நோக்கம். அதற்கேற்ற புத்தகம், அதற்கேற்ற பரீட்சை. 1882-ஆம் வருஷம் ஹண்டர் கமிஷன் முன் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு வாக்குமூலம் கொடுத்தார். குடியானவனின் உழைப்பிலிருந்து வரும் வரிப் பணம் மேல்தட்டு வகுப்பாரின் கல்விக்குச் செலவாகிறது என்று அதில் எடுத்துக் காட்டினார். ஆரம்பப் பள்ளிப் பாடத்தில் கணக்கு, பூகோளம் இவற்றோடு விவசாய அறிவும் சுகாதார அறிவும் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். படிப்பவனின் வாழ்க்கையை வைத்துப் பாடத்தை நிறுக்க வேண்டும் என்ற குரல், பாருங்கள், நமது நாட்டில் அத்தனை பழையது.

பாதியில் நின்றவனுக்கு என்ன மிச்சம்?

இப்போது ஓர் ஆங்கிலேய உபாத்தியாயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். இந்தியக் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். இன்று வங்காள தேசத்தின் தலைநகராக இருக்கும் டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தார். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தை ஆராய்ந்து 1926-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட ஒரு சொல் உங்களுக்குத் தெரிந்ததே: "சரண்டர் மதிப்பு".

இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தவர்களுக்கு இது தெரியும். இருபது வருஷப் பாலிசியைச் சிரமப்பட்டுக் கட்டி, முடியாமல் பாதியில் நிறுத்தினால் கையில் வருகிற தொகைக்குச் சரண்டர் மதிப்பு என்று பெயர். ஆரம்ப வருஷங்களிலேயே நிறுத்திவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். வெஸ்ட் கேட்டது இதுதான்: ஆங்கிலம் படிக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளையின் கையில் என்ன மிச்சம்? அவன் காலத்துப் பாட புத்தகங்கள் கடைசி வரை படிப்பவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நடுவில் நின்றவனுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு வருஷப் படிப்பும், அந்த வருஷத்தோடு நின்றாலும் உபயோகப்படும்படி அமைய வேண்டும் என்று அவர் வாதாடினார். வாசிப்பை முதலில் பலப்படுத்துங்கள். வாசிக்கத் தெரிந்தவன் பள்ளியை விட்ட பிறகும் தானாகவே மேலே படித்துக் கொள்வான் என்றார்.

அவர் இன்னொரு காரியமும் செய்தார். அன்றைய பாட புத்தகங்களை எடுத்து, சொற்களை எண்ணினார். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. அதுவும் எப்படிப்பட்ட சொற்கள்? தீவு என்பதற்கு "ஐலண்ட்" என்ற புழக்கச் சொல் இருக்க, செய்யுளில் மட்டும் வரும் "ஐல்" என்ற சொல்! பிள்ளை அதைக் கஷ்டப்பட்டுப் படித்தாலும் பள்ளிக்கு வெளியே அதை எங்கும் சந்திக்கப் போவதில்லை. அப்படிப்பட்ட சொற்களை அவர் தம் வாசகப் புத்தகங்களிலிருந்து நீக்கினார். ஐம்பது, அறுபது சொற்களுக்கு ஒரு புதுச் சொல் என்ற அளவில் ஆரம்பப் பாடங்களை அமைத்தார். வந்த சொல் மறுபடி மறுபடி வரும்படி எழுதினார். மிக அதிகமாக உபயோகமாகும் சுமார் 2,000 சொற்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் புத்தகமாக வெளிவந்தது.

வெஸ்ட் சொன்னதெல்லாம் வேதவாக்கு அல்ல. பேச்சைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று அவரைக் குறை கூறுபவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நமது கேள்வி. ஏனென்றால் பாதியில் நிற்பவன் யார்? பணக்காரன் பிள்ளையா நிற்கிறான்? ஆலைக்கும் வயலுக்கும் போவது நமது பிள்ளைதானே!

ஒரே புத்தகம், ஒரே தொடக்கமா?

நமது மாநிலத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இங்கே நாலு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன: ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம்; காசு கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு புத்தகம். 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதை நிறுத்திவைக்க நடந்த முயற்சியையும் தாண்டி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை அமல் நடத்தும்படி தீர்ப்பளித்தது. இது ஜனநாயகத்துக்குக் கிடைத்த வெற்றி. 2018–19 முதல் புதிய புத்தகங்கள் வந்தன. முதலில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், பின்னர் மற்ற வகுப்புகளுக்கும் அச்சாயின. வண்ணப் படங்கள், பேச்சுப் பயிற்சி, கேட்டல் பயிற்சி, செல்போனில் காட்டினால் திறக்கும் கியூ.ஆர். கட்டம் எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. உழைத்து எழுதப்பட்ட புத்தகங்கள் அவை. நான் அவற்றைக் கேலி செய்ய வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. வீட்டில் தாயும் தகப்பனும் ஆங்கிலம் பேசும் பிள்ளையும், வீட்டிலேயே முதன்முதலாக எழுத்தைத் தொடும் பிள்ளையும் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒருவனுக்கு அந்தப் பக்கத்தில் புதிதாக இருப்பது நாலு சொல். மற்றவனுக்கு நாற்பது சொல். புத்தகம் ஒன்றுதான். ஆனால் தொடங்கும் இடம் ஒன்றா?

இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு. ஒன்று: "ஏழைப் பிள்ளைக்குச் சுலபமான புத்தகம் தனியாகப் போடு." இது பழைய பாகுபாட்டைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டு வருவதாகும். கூலிக்காரன் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று எந்த முதலாளியும் சந்தோஷமாகச் சொல்வான். நாம் அதை ஏற்க முடியாது. நம் பிள்ளை சட்டம் படிக்க வேண்டும், விஞ்ஞானம் படிக்க வேண்டும், உலகக் கதைகளையும் படித்து ரசிக்க வேண்டும். இரண்டாவது தவறான பதில்: "எல்லோருக்கும் ஒரே புத்தகம் கொடுத்தாயிற்று, ஏறமுடியாதவன் சோம்பேறி." இதுவும் அநியாயம்.

சரியான கோரிக்கை என்ன? மாடியின் உயரத்தைக் குறைக்காதே, படிகளைக் கூட்டு! ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே, அதே சொற்களைக் கொண்ட எளிய கதைகள், எளிய செய்திகள் பத்துப் பதினைந்து இருக்கட்டும். ஒரு முறை சந்தித்த சொல்லைப் பிள்ளை பத்து இடத்தில் சந்திக்கட்டும். பிறகு பெரிய எழுத்தாளரின் பாடம் வரட்டும். பிள்ளை பயப்படாமல் ஏறுவான்.

"இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை" என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். 2012–13 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஆனால் ஆங்கிலத்தையே படிக்கத் திணறும் பிள்ளை, கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படித்தால் என்ன ஆகும்? மூன்றும் மனப்பாடமாகும். அறிவைத் தாய்மொழியில் பெறுவது வேறு. ஆங்கிலத்தை ஒரு கருவியாக நன்றாகக் கற்பது வேறு. 1964–66-இல் வேலை செய்த கோத்தாரி கமிஷன், ஆங்கிலத்தை நூலக மொழியாக, அதாவது படித்து அறிவு பெற உதவும் மொழியாக, கற்பிக்க வேண்டும் என்று சொன்னது. கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கருவி கையில் நிற்கிறதா என்றுதான் கேட்கிறோம்.

நமக்கு ஆங்கிலம் எங்கே வேண்டியிருக்கிறது?

நமது தேவைகளைக் கொஞ்சம் கணக்கெடுப்போம்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று பார்க்க வேண்டும். பி.எப். கணக்கில் முதலாளியின் பங்கு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து செல்போனுக்கு வரும் செய்தி உண்மையா, மோசடியா என்று தெரிய வேண்டும். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே நடவடிக்கையும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். இவையெல்லாம் தமிழில் வர வேண்டும் என்று போராடுவோம். அது நமது உரிமை. வரும் வரையில் ஏமாறாமல் இருக்கவும் வேண்டுமல்லவா?

வயலில் வேலை செய்யும் சகோதரிகளே, பூச்சிமருந்து டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதில் நாலு நிறங்களில் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டையோடும் "பாய்சன்" என்ற சொல்லும் இருக்கும். மஞ்சளிலும் "பாய்சன்" என்றே இருக்கும். நீலத்தில் "டேஞ்சர்" என்றும், பச்சையில் "காஷன்" என்றும் இருக்கும். பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. மற்ற மூன்றையும்விடக் குறைவு, அவ்வளவுதான். மொத்தம் மூன்றே சொற்கள்! பத்து வருஷப் பாடத்தில் இந்த மூன்று சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று உங்கள் பிள்ளையின் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள்.

இவை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை என்பதை முன்னமே சொன்னேன். இவற்றைக்கூடத் தராத படிப்பு, வேறெதைத் தந்ததாகச் சொன்னாலும் கணக்கு இடிக்கிறது.

ரயில் அட்டவணையும் பாடமாகும்

பயிற்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாகாணத்தில் 1950-களில் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை வந்தது. "இது பேனா, அது மேஜை" என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுக்க ஒரு பெரிய இயக்கமே நடந்தது. ஆனால் "இது பேனா" என்று பிழையில்லாமல் சொல்லும் பிள்ளை, பேனா வாங்கக் கடைக்குப் போனால் வாய் திறப்பதில்லை என்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் கண்ணால் கண்டோம்.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற அறிஞர் வேறொரு சோதனை நடத்தினார். பெங்களூர், சென்னை போன்ற ஊர்களின் சில பள்ளிகளில் அது நடந்தது. இலக்கண விதியை முதலில் சொல்லித் தராமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். இதோ ஒரு ரயில் கால அட்டவணை. இன்ன நேரத்துக்கு இன்ன ஊரில் இருக்க வேண்டும். எந்த ரயிலில் ஏறுவாய்? இதோ ஊரின் வரைபடம். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவாய்? பிள்ளையின் மூளை விடை கண்டுபிடிப்பதில் இறங்குகிறது. அந்த முயற்சியில் மொழி தானாக உள்ளே வருகிறது. இதுதான் அவருடைய கருத்து.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு சம்பளச் சீட்டைக் கொடுத்து, "இந்த மாதம் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள்? போன மாதத்தைவிட ஏன் குறைவு?" என்று நான் வகுப்பில் கேட்டிருக்கலாமே! அந்தப் பாடத்துக்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. என்னிடம் இல்லாதது அந்த எண்ணம்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம் பரீட்சை. புத்தகத்தை நிறுக்கும்போது வினாத்தாளையும் அதே தட்டில் வைக்க வேண்டும். 2019-இல் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்பது ஒரே தாளாக்கப்பட்டது. சுமை குறைந்தது, நல்லது. ஆனால் புத்தகத்தில் பேச்சுப் பயிற்சி எவ்வளவு இருந்தாலும், மார்க் எழுத்துக்கே என்றால் ஆசிரியர் எதை நடத்துவார்? பிள்ளை எதைப் படிப்பான்? கடையில் நோட்ஸ் வாங்கி விடையை மனப்பாடம் செய்வான். ஆசிரியரையோ பிள்ளையையோ குறை சொல்லிப் பயனில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ, அதுவே உண்மையான பாட புத்தகமாகிவிடுகிறது.

வீட்டிலேயே செய்யும் சோதனை

நூலின் நம்பரைச் சோதிக்க 120 கெஜம் சுற்றி எடை போடுகிறீர்கள். மூட்டை முழுவதையும் பிரிப்பதில்லை. புத்தகத்துக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம்.

ஒன்று: பிள்ளையை இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். அரைப் பக்கம் தாண்டுமுன் இரண்டு கைவிரல்களும் மடங்கிவிட்டால், அந்தப் பக்கம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் எட்டவில்லை. பிள்ளையை அடிக்காதீர்கள், குற்றம் அவனுடையதல்ல.

இரண்டு: படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சரளமாக வாய்விட்டு வாசித்துவிட்டு, என்ன படித்தோம் என்று சொல்லத் தெரியாவிட்டால் அது வாசிப்பல்ல, வெறும் ஓசை.

மூன்று: போன மாதப் பாடத்தின் புதுச் சொற்களில் பத்தை எடுத்து, இந்த மாதப் பாடத்தில் அவை எத்தனை வருகின்றன என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் படித்தது மறந்துதான் போகும்.

நாலு: பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சிகளைப் பார்த்து, "இதில் நீயாக யோசித்து எழுத வேண்டியது எது? பார்த்து எழுத வேண்டியது எது?" என்று கேளுங்கள். பிள்ளை உண்மையைச் சொல்லும்.

ஐந்து: வீட்டில் இருக்கும் ஒரு சீட்டை, ஒரு மருந்து அட்டையை, ஓர் அறிவிப்பைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். இந்த வருஷத்தோடு படிப்பு நின்றால் கையில் நிற்பது என்ன என்பது அப்போது தெரிந்துவிடும்.

எங்கே போய்ச் சொல்வது?

சோதித்த பிறகு என்ன செய்வது? 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் குடிதண்ணீரையும் கழிப்பறையையும் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். அவற்றோடு இதையும் பேசுங்கள். "எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை வாசிக்கச் சொன்னோம்; இத்தனை பேருக்கு இத்தனை சொல் தெரியவில்லை" என்று கணக்கோடு சொல்லுங்கள். ஆசிரியருக்கு அது அவமானமல்ல. மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல அவர் கைக்குக் கிடைக்கும் ஆயுதம். எளிய வாசிப்புப் புத்தகங்களைக் கேளுங்கள். ஆங்கில ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் நிரப்பும்படி கேளுங்கள். தெரியாத பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்கிற திறமைக்குப் பரீட்சையில் அதிக மார்க் வேண்டும் என்று கேளுங்கள்.

சங்கக் கட்டிடத்தில் வாரத்தில் இரண்டு மாலை, படித்த இளைஞர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கலாம். முதல் பாடமாக எதை வைப்பது என்று என்னிடம் கேட்டார்கள். உங்கள் வீடுகளில் இருக்கும் ஆங்கிலக் காகிதங்களைக் கொண்டு வாருங்கள் என்றேன். பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு அவற்றையே படிப்போம்.

அந்தப் பையனைப் பற்றி நீங்கள் கேட்கலாம். அவன் விஷயம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. நீண்ட நாள் இழுத்தது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. இப்போது அவன் வேறோர் ஆலையில் வேலை செய்கிறான். அவன் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் அவளை என்னிடம் அழைத்து வந்தான். அவளுடைய ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, அவளை வாசிக்கச் சொன்னேன். ஒன்பது விரல் மடங்கியது. வருஷ முடிவில் அது மூன்று விரலாக வேண்டும். இது என் பொறுப்பு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் பையைத் திறந்து அந்தப் புத்தகத்தை வெளியே எடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, எத்தனை விரல் மடங்கியது என்ற கணக்கோடு இதே இடத்தில் கூடுவோம்.